அடிக்கப்பட்ட நான்கு புள்ளிகள்

கட்டம் போட்ட அந்த அட்டையை எந்த இழுப்பறையில் வைப்பதென்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. நடுவே ஒரு சிவப்புக் கோடு. அதற்கு மேலே ஏறி இறங்கும் நீலப் புள்ளிகள், கீழே நான்கே நான்கு. அந்த நான்கின் மீதும் சிவப்பு மையில் குறுக்குக் கோடு. ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. புள்ளிகள் என் காய்ச்சல். எழுத்து எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த டிரஸ்ஸருடையது.

வெள்ளைக்காரர் ஆட்சியில் அவசரகாலம் அது. புக்கிட் ரோத்தானுக்கு வடக்கே இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை எல்லாம் முள்கம்பி வேலிக்குள் அடக்கியிருந்தார்கள். காலையில் பால்வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். ஒரு பிடி சோறோ ஒரு மாத்திரையோ காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாது. அந்த வரிசையில், அம்மாவின் பக்கத்தில், நான் ஒற்றைக் காலில் நின்றதை டிரஸ்ஸர் கவனித்தார். எனக்கு எட்டு வயது. அம்மா சுளுக்கு என்று நம்பி மூன்று நாளாக எண்ணெய் தேய்த்து நீவியிருந்தாள். அவர் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் ஒரு விரலை வைத்து அழுத்தினார். நான் அலறினேன். அண்மையில் உடம்பில் எங்கேயாவது கட்டி வந்ததா என்று கேட்டார். குதிகாலில் வந்திருந்தது. எலும்புக்குள் சீழ் பிடித்திருக்கிறது, மூட்டுக்குள் இறங்கினால் கால் மடங்காது என்றார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பேச்சு குறைவு. பட்டணத்து டாக்டர் ஒருவர் அப்போது தோட்டப் பிள்ளைகளுக்கு வரும் எலும்புச் சீழைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். காய்ச்சல் தணிந்த எத்தனையாம் நாளில் பென்சிலின் ஊசியை நிறுத்தலாம் என்பதே அவருடைய கேள்வி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. சிவப்புக் கோட்டுக்குக் கீழே தொடர்ந்து ஐந்து நாள் புள்ளி விழுந்தால் ஊசி நின்றுவிடும். டிரஸ்ஸர் இதை அம்மாவுக்கு விளக்கியபோது நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்க வைத்தார்கள்; அம்மா துணைக்கு இருந்தாள். வீட்டில் அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது. ஊரடங்கு என்பதால் இரவில் லயத்துக்குப் போக முடியாது. காலையில் ஒருமுறை ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். எப்போது வீட்டுக்கு விடுவீர்கள் என்று தினமும் டிரஸ்ஸரைக் கேட்டாள். அவள் இல்லாத அந்த நேரத்தில்தான் பாசிர் பெனம்பாங்கிலிருந்து மீன்காரர் சைக்கிளில் வருவார். ஆஸ்பத்திரி ஜன்னலில் என்னைக் கண்டால் மீன்பெட்டியிலிருந்து ஒரு துண்டு ஐஸ் எடுத்துக் கொடுப்பார். மீன் வாடை அடிக்கும். கரையும்வரை நாக்குக்கு அடியில் வைத்திருப்பேன். சற்று நேரத்தில் டிரஸ்ஸர் வந்து அதே இடத்தில் வெப்பமானியை வைப்பார். முதல் நாள் தற்செயல். புள்ளி கீழே விழுந்ததைப் பார்த்த பிறகு நடந்த மூன்று நாளும் தற்செயல் அல்ல.

ஐந்தாம் நாளும் வெப்பமானி நல்லதையே சொன்னது. டிரஸ்ஸர் பேனாவைத் திறந்தார். ஆனால் புள்ளி வைக்கவில்லை. என் காலைத் தொட்டார், கை சுட்டது. வெப்பமானியை உதறி என் அக்குளில் வைத்தார். எடுத்துப் பார்த்துவிட்டுக் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த தகரக் குவளையை எடுத்தார். அடியில் பாதி கரைந்த ஐஸ்.

அம்மா அப்போதுதான் உள்ளே வந்தாள்.

"வீட்டை போற அவசரத்திலை ஐஸ் குடுத்தனியோ? உன்ர பிள்ளைக்குக் கால் வேணுமோ, வேண்டாமோ?" என்றார்.

அம்மா குவளையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "தப்புதாங்க ஐயா" என்றாள்.

அவர் நான்கு புள்ளிகளையும் அடித்தார். புது அட்டை எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கோடு போட்டபடியே என்னிடம் சொன்னார்: "தெரியாததைத் தெரிஞ்சதெண்டு எழுதக் கூடாது, பிள்ளை." பிறகு ஓரத்தில் அந்த வரியை எழுதினார்.

அன்றே என்னை லோரியில் பட்டணத்துக்கு அனுப்பினார். எலும்பைத் திறந்து சீழை எடுத்தார்கள். ஊசி வாரக்கணக்கில் தொடர்ந்தது. கால் பிழைத்தது. முழங்கால் இன்றும் முக்கால் பங்குதான் மடங்கும். ஆராய்ச்சிக்கு உதவாது என்று டாக்டர் திருப்பி அனுப்பிய அட்டையை டிரஸ்ஸர் அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

வேலைக்குப் போன பிறகு ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன், ஐஸ் கொடுத்தது நீ இல்லை என்று ஏன் சொல்லவில்லை என்று. அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "அப்ப யாரு யாரைப் போலீசுல காட்டிக் குடுக்கல? அதுல நானும் ஒருத்தியா? அதுவும் பெத்த பிள்ளைய, ஊசி வச்சிருக்கிற ஆளுகிட்டயா?"

டிரஸ்ஸர் அதற்குள் ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருந்தார். முகவரி விசாரித்தேன், கிடைத்தது. கடிதம் எழுதவில்லை.

பத்திரிகையில் முப்பது ஆண்டு பிழை திருத்தினேன். தவறான பெயர், தவறான ஊர், தவறான வயது என்றால் மறுநாளே திருத்தம் போட வேண்டும் என்று இளையவர்களிடம் கறாராக நின்றிருக்கிறேன். அம்மா போய்விட்டாள். நேற்று அட்டையை மறுபடி எடுத்தேன். நான்கு புள்ளிகளும் ஒழுங்காக அடிக்கப்பட்டிருக்கின்றன. ஓரத்து வரி மட்டும் அப்படியே இருக்கிறது: தாய் ஐஸ் கொடுத்திருக்கிறாள். சிவப்புப் பேனாவைத் திறந்தேன். எட்டு வயதில் ஐஸை நாக்குக்கு அடியில் வைத்திருந்ததைப் போலவே அதைக் கையில் வைத்திருந்தேன்; அந்த வரியை அடிக்காமலே மூடினேன். பிறகு அட்டையை வேறொரு இழுப்பறைக்கு மாற்றினேன்.