கௌபியைக் காப்பின்னு குடிச்ச கதை

உடம்பு இளைக்கணும்னு எனக்கு ஒரு நாளும் ஆசை வந்ததில்லைங்க. எங்க மலையூரு அரவேணு மேட்டுல ஏறும்போது மூச்சு வாங்கினாக்கூட, மேடு அப்படின்னு மேட்டுமேல பழியைப் போட்டுட்டு நடக்கிற ஆளு நான். ஆனா என் தம்பிக்கு ரெண்டு கிட்னியும் கெட்டுக்கிட்டே வந்துச்சு. டயாலிசிஸ் வரைக்கும் போறதுக்குள்ள மாத்திட்டா நல்லதுன்னாங்க. பரிசோதனை பண்ணிப் பாத்ததுல என்னுதுதான் பொருந்துச்சு. எடுத்துக்கோங்கன்னுட்டேன். கோயமுத்தூர் டாக்டர் என்னை மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்தார்.

"இந்த எடையில உங்களுக்கு ஆபரேஷன் பண்ண முடியாதும்மா. குறைச்சுட்டு வாங்க. பட்டினி கெடக்கக் கூடாது. புரோட்டீன் நல்லா எடுக்கணும், தெம்பு போயிரக் கூடாது. ரொம்ப நாள் இழுக்காதீங்க, தம்பிக்கு டைம் இல்லை."

மருந்துக்கடையில புரோட்டீன் பவுடர் டப்பாவைக் கையில எடுத்து, விலையைப் பாத்துட்டு, கொழந்தையைத் தொட்டில்ல போடற மாதிரி பதனமா திருப்பி வச்சேன். கோயமுத்தூருக்குப் போறதும் டெஸ்ட் எடுக்கறதுமா கையில இருந்ததெல்லாம் கரைஞ்சுபோன நேரம். டீ ஃபேக்டரி ஆபீஸ்ல வேலை பாக்கிறவளுக்கு அந்த டப்பா ஒரு கேடா?

எங்க பக்கத்து ஊட்டுக்காரியும் அதே ஃபேக்டரிதான். என்னைவிடக் கொஞ்சம் சின்னவ. அவங்க அப்பா அம்மா சிலோன் எஸ்டேட்லருந்து திரும்பி வந்தவங்க, அதனால அங்கத்து வார்த்தை நாலஞ்சு அவ பேச்சுல ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒரு நாள் பஸ்ல அவகிட்ட பொலம்பினேன். பஸ் வளைவுல உறுமிக்கிட்டு ஏறுது. அவ என் காதுகிட்ட வந்து கத்தினா.

"காலையில கௌபி எடுங்கக்கா. மத்தியானம் வரைக்கும் பசியே எடுக்காது. நல்ல சத்து, செலவும் கம்மி."

என் காதுல விழுந்தது காப்பி.

சரி, சிலோன்காரங்க வைத்தியம் போலன்னு நம்பிட்டேன். மறுநாள் காலையிலருந்து இட்லி கெடையாது, தோசை கெடையாது. பால், சக்கரை இல்லாத வறக்காப்பி ஒரு பெரிய டம்ளர். ஃபேக்டரியில டீ மேக்கர், டீத்தூள் பக்குவம் பாக்கிற பெரிய ஆளு, என் டம்ளரைப் பாத்துட்டு, "ஏனுங்க, டீயில சம்பளம் வாங்கிட்டுக் காப்பி குடிக்கிறீங்களே, அடுக்குமா?"ன்னார். மத்த நாளா இருந்தா சிரிச்சிருப்பேன். அன்னைக்குப் பசியில வள்ளுன்னு விழுந்தேன். ஊட்லயும் அதே கதைதான். ரெண்டு பொண்ணுகளும் என் பக்கம் வரவே பயந்துச்சுங்க.

எடை மடமடன்னு எறங்குச்சு. எனக்கோ பெருமை தாங்கல. அப்புறம் ஒரு நாள் ஆபீஸ் படிக்கட்டுல தலை சுத்தி உக்காந்துட்டேன். பக்கத்து ஊட்டுக்காரிதான் தண்ணி கொண்டாந்து கொடுத்தா.

"ஏன்க்கா, கௌபியை நல்லா அவிச்சுத்தானே சாப்பிடறீங்க?"

"காப்பியை எவளாச்சும் அவிப்பாளா?"

அவ முழிச்சா, நான் முழிச்சேன். அப்புறம் பையிலருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் தொறந்து காட்டினா. உள்ள தட்டப்பயிறு! நாங்க தட்டப்பயிறுங்கறதைத்தான் அவங்க ஊட்ல கௌபிங்கறாங்க. அட கருமமே! அந்தப் படிக்கட்டுலயே ரெண்டு பேரும் வயித்தைப் புடிச்சுட்டு சிரிச்சோம். அவ டப்பாவை அப்பவே காலி பண்ணிட்டுத்தான் எந்திரிச்சேன்.

அதுக்கப்புறம்தான் ஒழுங்கா ஆரம்பிச்சேன். காலையில தட்டப்பயிறு, மத்தியானம் கொஞ்சம் சோத்தோட முட்டை, ராத்திரி மீல்மேக்கரோ பருப்போ. இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சும்மாவா சொன்னாங்க? கொள்ளையும் சேத்துக்கிட்டேன். ஆனா எங்க குளிர்ல கொள்ளு லேசுல முளை கட்டாதுங்க. துணியில கட்டி, மேல கம்பளிக் குல்லாவே போட்டுப் பாத்தேன். ம்ஹூம்! கடைசியில ஃபேக்டரியில டீத்தூளைக் காய வைக்கிற டிரையர் ஓடற சூட்டுப் பக்கம் ஒரு ஆணியில மூட்டையைத் தொங்க விட்டேன். முளை ஜோரா வந்துச்சு. கூடவே டீ மேக்கரும் வந்தார்.

"ஏனுங்க, தூள்ல கொள்ளு வாசம் ஏறுச்சுன்னா ஏலத்துல யாரு பதில் சொல்றது?"

மூட்டை அன்னைக்கே ஊடு வந்து சேந்துச்சு. பொறகு அடுப்பங்கரையில வெந்நிப் பானைப் பக்கத்துல வச்சுப் பழகிக்கிட்டேன்.

இதெல்லாம் பண்ணியும் எடை பழையபடி எறங்கல. காரணம் என் தம்பி. ஊட்டியில டூரிஸ்ட் வண்டி ஓட்டறான். ஞாயித்துக்கெழமை தவறாம வருவான், கையில ஊட்டி வர்க்கி பிஸ்கட் பொட்டலம் இருக்கும். பேக்கரியில அப்பத்தான் எடுத்தது, மொறுமொறுன்னு, டால்டா மணம் தூக்கும். "ஒண்ணே ஒண்ணுக்கா" என்பான். வர்க்கியில ஒண்ணே ஒண்ணுன்னு ஒண்ணு உண்டா? போகப்போகக் கேக், நெய் மைசூர்பான்னு வந்துச்சு. அவனுக்குப் பருப்பையே அளந்து போடச் சொல்லியிருந்தாங்க. பாவம், தான் திங்க முடியாததை அக்கா தின்னு பாக்கட்டும்னு கொண்டாரான்னு நெனச்சேன். அதனால வேண்டாம்னு சொல்ல வாய் வரல.

ஒரு ஞாயித்துக்கெழமை மனசைக் கல்லாக்கிட்டு, தட்டைத் தள்ளி வச்சேன்.

"டாக்டர்கிட்டப் போற நாள் வருதுடா. இனி வேண்டாம்."

"அட, தின்னுக்கா. இப்ப என்ன அவசரம்?"

"ஏன்டா, அவசரம் உனக்கா எனக்கா?"

அவன் வர்க்கியை ஒடைச்சுத் தூளாக்கிட்டே இருந்தான். அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு.

"வேணும்னேதான் கொண்டாந்தியா?"

"நான் வேண்டாம்னா நீ கேக்க மாட்டே. எடை குறையலைன்னா டாக்டரே வேண்டாம்னுருவார்ல? உனக்கு ரெண்டு பொண்ணுக இருக்குக்கா. உன்னைக் கிழிச்சுத்தான் நான் பொழைக்கணுமா?"

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! பொட்டலத்தை அப்படியே தூக்கி வாசல்ல வீசினேன். அழுகையும் சேந்து வந்துருச்சு.

"நீ இல்லாம நான் குண்டா இருந்து என்னடா, ஒல்லியா இருந்து என்னடா?"

அவன் தலையைத் தூக்கவே இல்லை. நான் பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயித்துக்கெழமை வெறுங்கையோட வந்தான். அதுக்கடுத்த ஞாயிறும் வெறுங்கைதான். எடை திரும்ப எறங்க ஆரம்பிச்சுச்சு. கோயமுத்தூருக்கு அவன் வண்டியிலயே கூட்டிட்டுப் போனான். டாக்டர் ரூம்ல எடை மிஷின்மேல ஏறினேன். டாக்டர் குனிஞ்சு பாத்துட்டு, "இது போதும்மா, தேதி பாத்துரலாம்"ன்னார்.

தம்பி கிட்ட வந்து, சின்னப் பையனாட்டம் என் சேலைத் தலைப்பைப் புடிச்சுக்கிட்டான்.

"பயமா இருக்குக்கா."

இத்தனை மாசத்துல அவன் அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

"எனக்கும்தான்டா"ன்னேன்.