இருண்ட திரையும் இரும்புக்குப் போன பெட்டியும்

எங்கள் கடலோர ஊரான பேசாலையில் எது பழுதானாலும் உப்புக்காற்றின் மேல்தான் பழியைப் போடுவோம். என் கணவரின் முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு அட்டை அடிக்கப் படம் தேவைப்பட்டது. கோயில் பெருநாளன்று வாய்விட்டுச் சிரித்தபடி அவர் நின்ற படம் பழைய கொம்பியூட்டரில் இருந்தது. போட்டுப் பார்த்தேன். உள்ளே காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது; திரையில் ஒன்றும் வரவில்லை.

"உள்ளுக்கு உப்புக்காத்து அரிச்சுப்போட்டுது மச்சாள். இனி உது சரிவராது" என்றார் கணவரின் தம்பி. நானும் நம்பி, பெட்டியைப் பழைய இரும்பு வாங்க வந்தவரிடம் கொடுத்துவிட்டேன். பார்வைக்கு நன்றாக இருந்த மொனிட்டரை மட்டும் வைத்துக்கொண்டேன்.

சில மாதங்களின் பின் மகள் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த வேறொரு பெட்டியைக் கொண்டுவந்து அந்த மொனிட்டரில் பொருத்தினாள். அப்போதும் இருட்டுத்தான்.

"அம்மா, பிழை இந்த மொனிட்டரிலதான். அப்பான்ர படம் கிடந்த பெட்டி நல்லாத்தான் இருந்திருக்கும்" என்று அழுதாள்.

இரும்புக்காரரைத் தேடி மன்னாருக்கு ஓடினேன். பெட்டியை எப்போதோ உடைத்துவிட்டார்களாம்.

இப்போது யார் வீட்டிலாவது கொம்பியூட்டரில் படம் வரவில்லை என்றால், மகள் பிறகு வாங்கிய புதிய மொனிட்டரைக் கழற்றிக்கொண்டு நானே போகிறேன். முதலில் இதைப் பொருத்திப் பாருங்கோ என்கிறேன்.

நினைவு அட்டையில் இருப்பது அவருடைய அடையாள அட்டைப் படம். சிரிக்கவே தெரியாத மனிதர்போல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.