பாத்ரூம் ஜாலிக்கு அடியில்

புதுக் குழாய் போட வந்தவன் பக்கத்தில் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். அடைப்பு எடுக்க வந்தவனுக்கு பாத்ரூமைக் காட்டிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே போய்விடுவார். எங்கள் தொழிலின் மரியாதை அவ்வளவுதான். நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையெல்லாம் நுரையோடு, தண்ணீர் இறங்காத தரையைப் பார்த்துத் திட்டியவர்தானே? அந்த உரிமையில் சொல்கிறேன்.

எனக்கு வீடு பூந்தமல்லி. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அம்பத்தூர், ஆவடி, சென்னீர்குப்பம் என்று சைக்கிளில் சுற்றாத தெரு கிடையாது. பின்னால் ஒரு கட்டு மூங்கில் பத்தை, ஒரு சுருள் கம்பி, ஒரு வாளி. பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஹார்டுவேர் கடையில் சொல்லிவைத்தால் எனக்குச் சேதி வந்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லோருக்கும் நான் பாய்தான்.

வெந்நீர்

அம்பத்தூரில் ஒரு கணக்கு வாத்தியார் வீடு. ஷவருக்குக் கீழே தண்ணீர் அப்படியே நின்றது. "ஏதாவது ஊத்தினீங்களா சார்?" என்று கேட்டேன். எந்த வீட்டிலும் நான் கேட்கிற முதல் கேள்வி அது. "வெந்நீர்தான் பாய், வேற ஒண்ணுமில்ல" என்றார். தண்ணீர் இறங்கும் ஓட்டையை மூடியிருந்த சல்லடை ஜாலியைத் தூக்கிவிட்டு மணிக்கட்டு வரை கையை விட்டேன். நெருப்புக்குள் விட்ட மாதிரி இருந்தது. அலறிக்கொண்டு பக்கத்திலிருந்த அண்டாத் தண்ணீரில் கையை முக்கினேன். முதல் நாள் அரை பாட்டில் ஆசிட் ஊற்றியிருந்தார் மனுஷன்.

அவரே ஸ்கூட்டரில் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். மூன்று வாரம் சைக்கிள் ஹேண்டில்பாரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. சோற்றை என் மனைவி பிசைந்து ஊட்டினாள். வாத்தியார் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரொட்டிப் பொட்டலத்தோடு பூந்தமல்லிக்கு வந்து, என் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன், ஏன் சார் மறைத்தீர்கள் என்று. சொன்னார்:

"சொன்னா வேலைய அப்படியே போட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன் பாய். பொய் சொல்ற பசங்கள தினம் முட்டி போட வைக்கிறவன் நான்."

ஞாயிற்றுக்கிழமைத் தலைகள்

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம், கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கான ஒரு ஹாஸ்டல். வாரம் தவறாமல் திங்கட்கிழமை எனக்குச் சேதி வரும். ஒரு தடவை வார்டன் அம்மா கோபத்தின் உச்சியில் இருந்தார். "எல்லாரும் முடியைக் கத்தரிச்சுக்கணும்னு நோட்டீஸ் ஒட்டப்போறேன்" என்றார். நான் எடுத்ததையெல்லாம் பழைய பேப்பரில் பரப்பிக் காட்டினேன். முடி இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீரை நிறுத்தியது ஷாம்பு பாக்கெட்டுகளும், பல்லால் கடித்துத் துப்பிய அதன் மூலைகளும்தான். ஒரு காலி பால்பவுடர் டப்பாவைச் சுவரில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். நோட்டீஸ் ஒட்டவில்லை. ஷிஃப்ட் முடித்து வந்து கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், பின்னலை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்:

"ஆறு நாள் மிஷின் தூசில கீறோம், ஒரு நாள்தான் தலைக்கு ஊத்திக்கிறோம். அதுக்கும் லீவு லெட்டர் எழுதணும் போலக் கீதே பாய்!"

யார் முடி?

இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சம்தான். ஆவடியில் ஜோசப் என்று ஒரு லேத் பட்டறைக்காரர். ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாக அடைப்பு. கம்பியை விட்டு இழுத்தால் கொத்துக் கொத்தாக நீள முடி. நான் வழக்கமாகச் சத்தமாகப் பேசுகிறவன். "இன்னா சார், ஊட்ல எத்தினி பொம்பளைங்க? ஒரு சவுரிக் கடையே வெக்கலாம் போலக் கீதே" என்று சிரித்தேன். ஜோசப் சிரிக்கவில்லை. உள்ளறைக் கதவு திறந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவர் மனைவி ஸ்டெல்லா நின்றிருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. புருவமும் கொட்டிப்போயிருந்தது. பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள் என்று ஜோசப் வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னார்.

அன்றைக்கு என் வாயையே கழுவ வேண்டும் போல இருந்தது. அதன்பிறகு அவர்கள் சொல்லி அனுப்பாமலே பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய், பேசாமல் சுத்தம் செய்துவிட்டு வருவேன். நாலைந்து மாதத்தில் ஜாலியில் ஒன்றுமே சிக்கவில்லை. நல்லதா கெட்டதா என்று கேட்கத் தைரியமில்லாமல் நானும் போவதை நிறுத்திவிட்டேன். ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். ஹார்டுவேர் கடைக்கு ஆவடியிலிருந்து போன். போனேன். கதவைத் திறந்தது ஸ்டெல்லாதான். தோள் வரை முடி. பாத்ரூமைக் காட்டிவிட்டுக் கண்ணெல்லாம் தண்ணீராகச் சொன்னார்:

"அடைச்சுக்கிச்சு பாய். என் முடிதான், நல்லாப் பாருங்க, என் முடிதான்!"

ஒற்றைக் கம்மல்

சென்னீர்குப்பத்தில் ஒரு வீடு. ஜாலிக்கு அடியில் கிண்ணம் மாதிரி இருக்கும் பாகத்தில் சேறு கெட்டியாகப் படிந்திருந்தது. சுரண்டி எடுத்தபோது கையில் ஒரு கம்மல் தட்டுப்பட்டது. கழுவிக் கொடுத்தேன். வீட்டம்மாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. கம்மலைச் சட்டென்று உள்ளங்கையில் மூடிக்கொண்டார். எட்டு மாதத்துக்கு முன்னால் காணாமல் போன கம்மல் அது. வீட்டு வேலை செய்த தனம்தான் எடுத்தாள் என்று, தண்ணி லாரி வந்து நின்ற நேரத்தில், தெருவே பார்க்க அவள் முந்தானையை உதறச் சொல்லித் துரத்தியிருந்தார். அந்தத் தெருவில் பிறகு ஒரு வீடும் தனத்துக்கு வேலை கொடுக்கவில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க பாய்" என்றார். ஒரு வீட்டு பாத்ரூமில் பார்த்ததை அடுத்த வீட்டில் சொல்லமாட்டேன் என்பதால்தான் எனக்கு வேலை வந்துகொண்டிருந்தது. "நான் சொல்லமாட்டேம்மா, நீங்கதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் மனசு கேட்கவில்லை. அன்றே தனத்தைத் தேடிப் போயிருக்க வேண்டும், போகவில்லை. மூன்றாம் நாள் அந்த அம்மாவே ஆள் அனுப்பினார்: தனியாகப் போகக் காலே வரவில்லை, கூட வாங்க பாய் என்று.

தனம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்களை உட்காரச் சொல்லவில்லை. அந்த அம்மா அழுதுகொண்டே விஷயத்தைச் சொல்லி, மறுபடி வேலைக்கு வந்துவிடு என்றார். தனம் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "என் ஊட்டாண்ட வந்து எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு எங்க நின்னு சொன்னீங்களோ, அங்க வந்து சொல்லுங்க" என்றாள். என்னையும் வரச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தது. குடங்களோடு தெருவே வரிசையில் நின்றது. அந்த அம்மா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். லாரிக்குப் பக்கத்தில் நின்று, "தனம் கம்மலை எடுக்கல. எங்க வீட்டு ஜாலிக்குள்ளதான் இருந்துச்சு. நான் சொன்னது தப்பு" என்றார். தனம் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, சத்தம் போடாமல் சொன்னாள்:

"இன்னொரு தபா சொல்லுங்கம்மா. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

இத்தனை வீட்டு அடைப்பை எடுத்த எனக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை என்பதால், எங்கள் வீட்டு பாத்ரூமுக்கு வேறொரு பிளம்பரிடம் சொல்லிவைத்துவிட்டு, "இதோ வந்துட்டேன் பாய்" என்று அவர் சொல்லி, நாலாவது நாளாகக் கணுக்கால் தண்ணீரில் நின்று குளித்துக்கொண்டிருக்கிறேன்.