பந்தயத்துக்காக இறுக்கிய வில்கள்

பூந்தமல்லியில் மோட்டார் கார் வைத்திருக்கும் சிலருள் நானும் ஒருவன். பட்டம் பெற்ற நண்பர்கள் நால்வர் ஞாயிறுதோறும் குமணன்சாவடிச் சாலையில் அரை மைல் பந்தயம் விடுவோம். புறப்படும்போது என் காரின் பின்சக்கரங்கள் சரளையில் பிடிப்பின்றிச் சுழன்றதால் எப்போதும் நானே தோற்றேன்.

மெக்கானிக் கோவிந்தன் காரின் பின்பக்கத்தைத் தாங்கும் ஸ்பிரிங் வில்களில் இரண்டு எஃகுப் பட்டைகள் கூட்டி, இரும்புக் கவ்விகளால் இறுக்கினார்.

"இனிமே வழுக்காது நைனா. ஆனா பின்னால குந்துறவன் இடுப்பு கயண்டுடும்" என்று சிரித்தார். பின்னால் யார் உட்காரப் போகிறார்கள் என்று நானும் சிரித்தேன். அந்த ஞாயிறு வென்றேன்.

மறுநாள் எங்கள் வயலில் வேலை செய்யும் முனுசாமி கிணற்று ஏற்றத்திலிருந்து விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, சென்னை ஆஸ்பத்திரிக்கு என் காரில் ஏற்றினோம். எவ்வளவு மெதுவாக ஓட்டியும் ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் துள்ளி விழுந்தது.

அவர் காலைப் பிடித்திருந்த மனைவி, "இன்னா நைனா வண்டி இது! எங்க கட்டை வண்டியே தேவல. இந்தாளு உசுரு போவுது!" என்று கதறினார்.

வழியில் எலும்பு மேலும் விலகிவிட்டதாக டாக்டர் சொன்னார். முனுசாமி இன்றும் காலைச் சாய்த்தே நடக்கிறார். பந்தயத்துக்காக வில்களை இறுக்கியதைச் சொல்லி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"வுடுங்க நைனா. ஒங்க காரு இல்லாங்காட்டி காலையே எட்த்திருப்பாங்கோ" என்றார். அந்த நன்றிதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

கூட்டிய பட்டைகளைக் கழற்றிவிட்டேன், பந்தயத்தையும் விட்டேன். இப்போதெல்லாம் காரில் எதை மாற்றினாலும், கோவிந்தனை ஓட்டச் சொல்லி, நான் பின்னிருக்கையில் படுத்தபடி அந்த ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்புகிறேன்.