புரொப்பல்லரைப் பிடித்த கை

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் படகு மோட்டார் மெக்கானிக். கண்ணால் பார்க்காததை நானே நம்ப மாட்டேன். இது பட்டப்பகலில், என் பட்டறையில் நடந்தது.

அக்கா வீட்டுக்காரர் படகு கவிழ்ந்து இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. குடித்திருப்பார், தூங்கியிருப்பார் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அக்கா மோட்டாரை என்னிடம் அனுப்பிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மோட்டார் கோளாறா, இல்ல அவரு தப்பா? அத மட்டும் சொல்லுடா."

படகு கவிழ்வதற்குச் சில நாள் முன்பு அந்த மோட்டாரைக் கடைசியாகச் சோதித்தவன் நான்தான். இருபது வருஷப் பழசு. அத்தான் அதைக் 'கிழவி' என்றுதான் சொல்வார். "எஞ்சின் கத்துது மாப்ள, படகு நகர மாட்டேங்குது. கிழவிக்குப் பல்லு கொட்டிடுச்சான்னு பாரு," என்றார். எஞ்சினிலிருந்து புரொப்பல்லருக்கு இறங்கும் தண்டின் நுனியில் பல் வெட்டியிருக்கும். அது தேய்ந்தால் பாரம் ஏறும்போது வழுக்கும். சோதிக்க இரண்டு பேர் வேண்டும். கீழே ஒருவர் புரொப்பல்லரை இறுக்கிப் பிடிக்க, மற்றவர் மேலே எஞ்சின் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். பல் தேய்ந்திருந்தால் சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றும். எப்போதும் அத்தான்தான் பிடிப்பார். அன்றும் குனிந்தார். எனக்கோ கொலைப்பசி. "நானே பாத்துக்கறேன், போங்க," என்று விரட்டிவிட்டேன். தனியாகச் சுற்றினேன். பிடிக்க ஆளில்லாததால் புரொப்பல்லரும் கூடவே சுற்றியது. பல் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள், மதியம் 2.40. மோட்டார் ஸ்டாண்டில் இருந்தது. பிளக்கைக் கழற்றி, கியரில் போட்டு, சக்கரத்தைச் சுற்றினேன். புரொப்பல்லர் கூடவே சுற்றியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது... எனக்கு நிம்மதிதான் வந்தது. மோட்டாரில் கோளாறு இல்லை என்று அக்காவிடம் சொல்லிவிடலாம்.

இன்னொரு முறை சுற்றினேன். பழக்கதோஷம், வாய் தானாகச் சொன்னது.

"புடிச்சுக்கங்க அத்தான்."

புரொப்பல்லர் நின்றது.

என் கையில் சக்கரம் மட்டும் சுற்றியது. க்ரக்... க்ரக்... க்ரக்... உள்ளே பல் வழுக்கும் சத்தம்.

கையை எடுத்தேன். 2.43.

குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை.

ஒரு வாரமாகக் காய்ந்து கிடந்த மோட்டார். புரொப்பல்லரின் ஒரே ஒரு இலையில் மட்டும் ஈரம்... நாலு விரல் அகலத்துக்கு. தரையில் சொட்டு... சொட்டு...

"அத்தான்..." என்றேன். தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு அடிப்பாகத்தைக் கழற்றித் தண்டை உருவினேன். பல் மழுங்கிப் போயிருந்தது. சிவப்பாகத் துருப்பொடி. பேருக்குக்கூட கிரீஸ் இல்லை.

தண்டை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். "அவரு மேல தப்பு இல்லக்கா. பல்லு வழுக்கி, அலையில படகு நகராம நின்னு கவுந்துருக்கு. என் தப்பு," என்றேன். புரொப்பல்லர் நின்றதையும் அந்த ஈரத்தையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. தண்டை மடியில் வைத்து, மழுங்கிய பல்லை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நீ தாங்க மாட்டியேன்னுதான் உங்கிட்ட சொல்லல," என்றாள். "தலைகீழா கவுந்த படகுல அந்தப் புரொப்பல்லர் மட்டும்தான் தண்ணிக்கு மேல நின்னுச்சாம். அவரு அதத்தான் புடிச்சிருந்தாரு. வெரல ஒவ்வொண்ணா பிரிச்சுத்தான் எடுத்தாங்களாம்."