என் திட்டை வாங்கிக்கொண்ட தாஸ் அண்ணன்

ஜெராக்ஸ் கடை தாஸ் அண்ணன் இன்று விடியற்காலை போய்விட்டார். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன்... ஹார்ட் அட்டாக்காம்.

மேற்குத் தாம்பரம், ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்து. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், உட்கார ஒரு ஸ்டூல்... கடை அவ்வளவுதான்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்றால் முதலில் என் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றிவிடுகிறேன்.

அப்பா ஒரு ஸ்கூல் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். மற்ற அப்பாக்கள் வாழ்க்கைக்கு அட்வைஸ் சொல்வார்கள், எங்கள் அப்பா சர்டிபிகேட்டுக்குச் சொல்வார்.

ஒரிஜினலை மடிக்காதே. ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதே. எல்லாவற்றையும் விட முக்கியம், லேமினேட் பண்ணாதே, பின்பக்கம் சீல் போட வேண்டி வரும்... சாப்பிடும்போதுகூட இதே பாட்டு. நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவேன்.

டிகிரி சர்டிபிகேட் கைக்கு வந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. அதைக் கண்ணாடி மாதிரி பளபளவென்று பார்க்க ஆசை, நேராக தாஸ் அண்ணன் கடைக்குப் போனேன்.

அவர் இரண்டு தடவை கேட்டார், அப்பாவுக்குத் தெரியுமா என்று. அப்பாதான் அனுப்பினார் என்றேன்.

மறுநாளே அப்பா பார்த்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்த பயத்தில், நான் ஜெராக்ஸ் எடுக்கத்தான் கொடுத்தேன், கடைக்காரர்தான் கேட்காமல் லேமினேட் பண்ணிவிட்டார் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார். நாலைந்து கஸ்டமர்கள் நிற்க, அறிவிருக்கிறதா, இது ஒரு பெண்ணின் எதிர்காலம் தெரியுமா என்று பிடிபிடியென்று பிடித்தார்.

தாஸ் அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். "தப்புதான் சார். மன்னிச்சிக்கோங்க."

அதோடு அப்பா அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஒரு பக்கம் காப்பி எடுக்கக்கூட சப்வேயில் இறங்கி ஏறி கிழக்குத் தாம்பரம் போவார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்... வாயைத் திறக்கவில்லை.

பதிமூன்று வருஷம் கழித்து எனக்குக் கத்தாரில் வேலை கிடைத்தது. சர்டிபிகேட்டில் அரசாங்க சீல் வாங்கும் அட்டஸ்டேஷனுக்குப் போனால், கவுன்டரில் இருந்த பெண் சர்டிபிகேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே நீட்டினாள். பிளாஸ்டிக் மேல் சீல் போட முடியாதாம்.

டூப்ளிகேட் வாங்க மாதக்கணக்கில் ஆகும், கத்தார் கம்பெனி கொடுத்திருந்தது மூன்று வாரம். அன்றுதான் அப்பாவின் பழைய பாட்டு முழுசாகக் காதில் விழுந்தது. அழுதுகொண்டே பஸ்ஸில் தாம்பரம் வந்து இறங்கி, கால் தானாகப் போன இடம் தாஸ் அண்ணன் கடை.

"இன்னாமா, நீயா? உக்காரு."

ஒரு மதியம் முழுக்க வேறு வேலை எடுக்கவில்லை. சீல் பின்பக்கம்தானே, முன்பக்கத்தைத் தொட வேண்டாம் என்று, அயர்ன் பாக்ஸின் லேசான சூட்டில் துணியைப் போட்டுத் தேய்த்து, பின்பக்க பிளாஸ்டிக்கை மட்டும் நூல் நூலாக உரித்தார்.

ஒரு ஓரம் கொஞ்சம் கிழிந்தது. எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, விடு என்றார். சீல் கிடைத்தது, வேலையும் கிடைத்தது.

அன்று கேட்டேன், அப்பாவிடம் ஏன் அண்ணா உண்மையைச் சொல்லவில்லை என்று.

"எனுக்கு வேற கஸ்டமர் வருவான். நீ அவரு கூடதானே வூட்டுக்குப் போவணும்?"

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், ஏஜென்ட் ஒருத்தர் முடித்துக் கொடுத்தார் என்றேன். அது இரண்டாவது பொய். பாவி நான்.

இப்போது என் மகளிடம் நானே அதே பாட்டைப் பாடுகிறேன். அவள், எல்லாம் ஃபோனில் இருக்கிறது போம்மா என்கிறாள்.

காலையில், நான் இப்போது இருக்கும் கோவிலம்பாக்கத்திலிருந்து தாம்பரத்தில் அப்பா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. "யாரு, உன் டிகிரியைக் கெடுத்தானே, அவனா?" என்றார்.

செத்தவரை இப்படிச் சொன்ன பிறகும் நான் சும்மா இருந்தால் மனுஷியே இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன்... இரண்டு பொய்யையும்.

அப்பா என்னைத் திட்டவில்லை. "இருபத்தி நாலு வருஷமா அவன் முகத்தப் பாக்காம போயிருக்கேன்மா" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

முடிச்சூரில் தாஸ் அண்ணன் வீடு. அப்பா நேராக அண்ணனின் மனைவியிடம் போய்க் கைகூப்பினார்.

"தப்பு என் பொண்ணு மேலம்மா. தெரியாம நான் அவரைத் திட்டிட்டேன், நாலு பேர் முன்னாடி."

அந்த அக்கா அழுகையை நிறுத்தி அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "ஜெராக்ஸ் கடைல வந்து திட்னாரே, அந்த சாரா நீங்க? அதுக்கு அப்பாலேர்ந்து யார் ஒரிஜினல் எட்த்துனு வந்தாலும் லேமினேட் பண்ண மாட்டாரு சார். ஒரு சார் திட்டிகீறாரு, அவர் சொன்னது கரெக்ட்டுதான்னு சொல்லித் திருப்பி அனுப்புவாரு."

அப்பா அங்கேயே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எடுக்கும்வரை இருந்துவிட்டுத்தான் வருவேன் என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

போய் வாங்க தாஸ் அண்ணா... அப்பாகிட்ட சொல்லிட்டேன்.