காலை உணவுக்கு வராதவர்கள்

மலையாளமும் தமிழும் கலந்த எல்லைப் பகுதியான பெருமாட்டியில் எங்கள் அறக்கட்டளை நடத்தும் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்காக, பராமரிப்பின் தரத்துக்குக் கொடுக்கும் விருதுக்கு விண்ணப்பிப்பது என்று முடிவானதும், அதை எழுதித் தர என்னை, அதே எல்லையில் மலைமேல் இருக்கும் கம்பம்மெட்டிலிருந்து அனுப்பினார்கள். எனக்கு மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் எழுத வரும். அதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். குடும்பம் இல்லாதவள், சொன்னால் மறுநாளே பெட்டியோடு வந்து நிற்பாள் என்பதும் காரணமாக இருந்திருக்கும்.

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ஃபேக்டரியில் இருந்தார், அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் கம்பெனியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதன் பிறகு எங்களுக்கென்று ஒரு வீடு அமையவே இல்லை. இப்போது அப்பாவும் அம்மாவும் இல்லை. தம்பி திருப்பூரில் இருக்கிறான், நாள் கிழமைக்குப் பேசுவான். கம்பம்மெட்டில் அறக்கட்டளையின் சின்ன இல்லத்தில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டு, ஓர் ஏலக்காய்க் கடையின் மாடியில் வாடகைக்கு இருந்தேன்.

பெருமாட்டிக்குப் போனது மாசி கடைசியில். மலையில் வளர்ந்த உடம்புக்கு அந்த வெயில் முதல் நாளே பிடிக்கவில்லை. கணவாய் வழியாக வரும் காற்று பகல் முழுக்கத் தென்னை மட்டைகளை அடித்துக்கொண்டே இருந்தது. ஊழியர்களில் முக்கால்வாசிப் பேர் பக்கத்து ஊர்க்காரர்கள், வேலை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார்கள். தங்க இடம் கேட்டபோது, இல்லத்தின் பொறுப்பில் இருந்த சிஸ்டர், பெண்கள் பகுதியில் தன் அறைக்கு அடுத்திருந்த கடைசி அறையைத் திறந்துவிட்டார். ஒரு பாட்டியம்மா இருந்து காலியான அறை அது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. கட்டில் தலைமாட்டில் ஆளைக் கூப்பிட ஒரு பெல் இருந்தது.

“ஆள் வர்ற வரைக்கும் இதுல இரிக்கலாம், கேட்டோ” என்றார் சிஸ்டர். அவர் தமிழ் பேசினாலும் பாதி மலையாளமாகத்தான் வரும்.

சாப்பாடும் அங்கே இருந்தவர்களோடுதான். முதல் நாள் காலை, எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த அம்மா தட்டை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். அங்கிருந்து பக்கத்திலேயே இருக்கும் சித்தூரில் விவசாயக் குடும்பம். வாக்கரைப் பிடித்துத்தான் நடப்பார், ஆனால் நிமிர்ந்து நடப்பார்.

“ஏனுங்க, நீங்க எங்க உழுந்தீங்க?”

எனக்குப் புரியவில்லை. “நான் விழலம்மா. வேலைக்கு வந்திருக்கேன்.”

“இங்க எல்லாரும் உழுந்துதானுங்க வந்தது. நானு மாட்டுக் கட்டுத்தரையில வழுக்கி உழுந்தேன். அதா, அவரு பாத்ரூமுல. நீங்க சின்ன வயசாத் தெரியறீங்களேன்னு கேட்டேன்.”

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னதை அவர் முழுக்க நம்பவில்லை என்றே நினைக்கிறேன். அந்த அறையில் தூங்கி, அந்த மேசையில் இட்லி சாப்பிட்டு, மாலையில் எல்லோரும் பஸ் ஏறிய பிறகும் அங்கேயே இருக்கும் ஒருத்தியை வேறு எப்படி நினைப்பது?

விண்ணப்பம் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. படுக்கை எத்தனை, நர்ஸ் எத்தனை என்று கேட்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அது இரண்டு பக்கத்தோடு முடிந்துவிட்டது. மிச்சம் முழுவதும் வேறு மாதிரிக் கேள்விகள். இங்கே இருப்பவர் என்ன சாப்பிட விரும்புகிறார் என்று அவரிடம் யார் கேட்கிறார்கள்? பிறந்த நாள் யாருக்கு நினைவிருக்கிறது? தனிமையாக உணர்பவரை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? ஒருவர் காலை உணவுக்கு வரவில்லையென்றால் என்ன நடக்கும்?

கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது. ஒருவர் வரவில்லையென்றால் அங்கே பரிமாறுகிறவர்கள் அப்படியே நிறுத்திவிடுவார்கள். ஓர் ஆயா நேராக அவர் அறைக்குப் போய்ப் பார்த்து வந்த பிறகுதான் அடுத்த தட்டு. விருதுக்காகச் செய்ததல்ல, சிஸ்டர் வந்த காலத்திலிருந்தே அப்படித்தான். அதை எழுதி, நல்ல ஆங்கிலத்தில் திருத்தி, திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன்.

தனிமை பற்றிய கேள்வியைத்தான் எழுத வரவில்லை. ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். ஒரு பெரியவர் கையை விரித்தார். “தோப்புக்குள்ள காலம் பூராக் காவலிருந்தவனுங்க நானு. பேச ஆளே கெடையாது. இங்கதான் ஓயாத சத்தம். கொஞ்ச நேரம் தனியா உடுவாங்களான்னு கேட்டு எழுதுங்க” என்றார். இன்னொருவர் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

எதிர் மேசை அம்மாவிடம் கேட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

“தனியா இருக்கற மாதிரித் தோணுமாங்கம்மா?”

“எழுதிக் குடுத்தாப் போயிருமுங்களா?”

“போகாதுங்க. என்ன செய்யலாம்னு பாப்பாங்க.”

“உங்களுக்குத் தோணுமுங்களா?”

நான் பேனாவை மூடினேன். எனக்கென்ன, வேலை இருக்கிறது என்று ஏதோ சொன்னேன். அவர் மேலே கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ‘ஏனுங்க’ போய் ‘அம்மிணி’ வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் கடினம். பார்க்க வருகிறவர்கள் வருவார்கள். முறுக்கு, வாழைப்பழம், பேரப்பிள்ளைகள் என்று வராந்தா நிறைந்துவிடும். நான் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து எழுதுவேன். வருகிறவர்கள் எந்த அறை என்று தெரியாமல் சில நேரம் என் கதவைத் திறப்பார்கள், மன்னிப்புக் கேட்டுச் சாத்துவார்கள். அந்த ஒரு நொடி, கதவு திறக்கும்போது, நான் நிமிர்ந்து பார்ப்பேன். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் தலை தானாக நிமிர்ந்தது.

பங்குனியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் எழுந்திருக்க முடியவில்லை. கால்களில் வலி, கண்ணைத் திறந்தால் மேல்கூரை ஆடியது. காலை உணவு டிராலி உருண்டு போகும் சத்தம் கேட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுகள் வைக்கும் சத்தம், யாரோ சட்னி கேட்கும் சத்தம், பிறகு தட்டுகளை எடுக்கும் சத்தம். யாரும் வரவில்லை. நான் இல்லாததற்காக யாரும் பரிமாறுவதை நிறுத்தவில்லை. அவர்கள் மேல் குற்றம் இல்லை. அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களில் நான் ஒருத்தி இல்லை. வேலை செய்கிறவள் வரவில்லையென்றால் வேறெங்கோ வேலையாக இருக்கிறாள் என்றுதானே பொருள்.

தலைமாட்டில் பெல் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். நான் நீட்டவில்லை. காலை உணவுக் கேள்விக்கு நான் எழுதிய பதில் அத்தனை ஆங்கில வார்த்தைகளோடும் மனதில் ஓடியது. அதில் எங்கேயும் நான் இல்லை என்பது எழுதும்போது தோன்றவில்லை, படுத்திருக்கும்போது தோன்றியது. அழுகை வரவில்லை. தாகமாக மட்டும் இருந்தது. தண்ணீர் மேசைமேல் இருந்தது, மேசை சுவரோரம் இருந்தது.

வெயில் ஏறிய பிறகு வராந்தாவில் வாக்கர் ஊன்றி வரும் சத்தம் கேட்டது. அது என் கதவுக்கு வெளியே நின்றது.

“அம்மிணி, எந்திரிக்கலியா?”

“காய்ச்சலுங்கம்மா.”

கதவை வாக்கராலேயே தள்ளித் திறந்தார். என்னைப் பார்த்தார், பிறகு தலைமாட்டைப் பார்த்தார்.

“பெல்ல அமுத்துனா என்ன?”

“அது உங்களுக்குங்க.”

“எனக்குன்னு பேரெழுதியா ஒட்டியிருக்குது?” என்றபடி வந்து, அவரே விரலை வைத்து அழுத்தினார். எடுக்கவே இல்லை.

இரண்டு ஆயாக்களும் ஒரு நர்ஸும் ஓடி வந்தார்கள். கட்டிலில் என்னைக் கண்டதும் வாசலில் ஒரு கணம் தயங்கினார்கள். பின்னாலேயே சிஸ்டர் வந்து கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். “நல்ல பனியுண்டு” என்றார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். பனி என்றால் விடிகாலையில் தேயிலைமேல் படுத்திருக்கும் புகைதான் எனக்கு எப்போதும். அன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் குளிர்ந்த மாதிரி இருந்தது.

மாத்திரை கொடுத்தார்கள், கஞ்சி கொடுத்தார்கள். எல்லோரும் போன பிறகும் அந்த அம்மா போகவில்லை. அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தொட்டுப் பேசுகிறவர் இல்லை அவர். நான் தூங்கி, மத்தியானம் விழித்துப் பார்த்தபோது, அதே நாற்காலியில் வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் அசையாமல் படுத்திருந்தேன். எழுந்தால் அவர் விழித்துப் போய்விடுவார் என்று பயமாக இருந்தது.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்து சில வாரம் கழித்து இரண்டு மதிப்பீட்டாளர்கள் நேரில் பார்க்க வந்தார்கள். ஒருவர் சமையலறையையும் மருந்து அலமாரிகளையும் பார்க்கப் போனார். இன்னொருவர் வெளிமாநிலத்து அம்மையார், தங்கியிருப்பவர்களிடம் பேச உட்கார்ந்தார். மொழிபெயர்க்க அவர்கள் அழைத்து வந்தவருக்கு ஆங்கிலமும் மலையாளமும்தான் தெரியும். எதிர் மேசை அம்மா மலையாளத்தில் பேசவே மாட்டேன் என்றுவிட்டார், அம்மாவின் தமிழோ மொழிபெயர்ப்பாளருக்குப் பிடிபடவில்லை. இல்லத்து ஆள் மொழிபெயர்ப்பது முறையில்லைதான். வேறு ஆள் கிடைக்காததால் என்னைக் கூப்பிட்டார்கள்.

சாப்பாடு எப்படி, மருந்து நேரத்துக்கு வருகிறதா என்றெல்லாம் அம்மையார் கேட்டார். எல்லாம் சரிதானுங்க என்றார் அம்மா. பிறகு அந்தக் கேள்வி வந்தது. நான் தமிழில் கேட்டேன். “காலைச் சாப்பாட்டுக்கு யாராவது வரலைன்னா என்ன செய்வாங்கம்மா?”

“ரூமுக்கு வந்து பாப்பாங்க. ஒரு நாளும் தவறாது.”

சொன்னேன். அம்மையார் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

“ஆனா இந்தப் புள்ளைக்கு யாரும் வல்லீங்க” என்று என்னைக் காட்டினார் அம்மா. “காச்சல்ல கெடந்துச்சு. இங்கயேதான் இருக்குது, இங்கயேதான் சாப்புடுது. யாரும் எட்டிப் பாக்கல. அதையும் சொல்லு அம்மிணி.”

சிஸ்டர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் புரியும். அம்மையார் என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். நான் அதையும் சொன்னேன், சொன்னபடியே. ஆங்கிலத்தில் ‘இந்தப் பெண்’ என்று தொடங்கி, யார் அந்தப் பெண் என்று அவர் கேட்டபோது, நான்தான் என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனோம்.

சாயங்காலம் சிஸ்டர் என் அறைக்கு வந்தார். திட்டுவார் என்று எழுந்து நின்றேன்.

“என்னை நோக்கிச் சொன்னதுதானே அது?” என்றார்.

“இல்ல சிஸ்டர். அவங்க சொன்னத நான் சொன்னேன்.”

“தெரியும்” என்றார். “இத்தனை நாளா அடுத்தடுத்த ரூம்ல இருக்கோம். நீ காப்பியா சாயாவான்னுகூட நான் கேட்டதில்லை.”

“சாயாதான்” என்றேன். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

வேலை முடிந்ததும் கம்பம்மெட்டுக்குத் திரும்பினேன். கிளம்பிய நாள் எதிர் மேசை அம்மாவை மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். பஸ் போய்விடும் என்பதால் காத்திருக்க முடியவில்லை. மழை தொடங்கிய பிறகு முடிவு வந்தது. விருது கிடைத்தது, முதல் நிலை இல்லை, அதற்கடுத்தது. இல்லத்திலேயே தங்கும் ஊழியர்களும் அந்தக் காலைக் கவனிப்புக்குள் வர வேண்டும் என்று ஒரு குறிப்பும் இருந்ததாகச் சிஸ்டர் தொலைபேசியில் படித்துக் காட்டினார். விருது வாங்க அவரும் அறக்கட்டளைக்காரர்களும் போனார்கள். வண்டியில் இடம் இல்லை என்றார்கள். இருந்திருந்தாலும் நான் போயிருப்பேனா என்று தெரியவில்லை.

நான் இருந்த அறையில் இப்போது ஓர் இளம் நர்ஸ் தங்கியிருக்கிறாள். ஒரு சந்தேகம் கேட்க என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டவள் புலம்பினாள். “லீவு நாள்னாக்கூடத் தூங்க விடறதில்லக்கா. சாப்பிட வரலைன்னா வந்து கதவத் தட்டறாங்க.” தட்டட்டும் என்றேன். அவளுக்கு அதில் கோபம்.

அவளிடம் அந்த அம்மாவைப் பற்றி விசாரித்தேன். மகன் வந்து கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய்விட்டாராம். எண் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசினேன். யாரென்று விளங்க அவருக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

“நல்லா இருக்கீங்களாம்மா?”

“இருக்கறனுங்க. மேல மூணாவது மாடி. எறங்க முடியாது. பையனும் மருமகளும் வேலைக்குப் போயிருவாங்க. டிவி ஓடும். நீ எங்க அம்மிணி இருக்கற?” என்றார்.

கம்பம்மெட்டு என்றேன். மழையா என்று கேட்டார். மழைதான் என்றேன். அங்கே வெயில் என்றார். பிறகு மருமகள் கூப்பிட, வைத்துவிட்டார்.

கீழே கடை பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏலக்காய் வாசனை மட்டும் மாடிவரை ஏறி வரும், ஆட்கள் இருக்கமாட்டார்கள். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடையில் ஒரு டீ குடித்தேன். கடைக்காரர் மழையைப் பற்றி ஏதோ சொன்னார். நானும் பதிலுக்கு ஏதோ சொல்லி, இன்னொரு டீ போடச் சொன்னேன்.